வீட்டுக் கூடத்தில் வில்லுப்பாட்டு: மைக் இல்லாமல் ஒரு மாலை

வீட்டில் வில்லுப்பாட்டு வைக்கப்போகிறேன் என்றதும் எல்லோரும் கேட்ட முதல் கேள்வி, "மைக் செட்டுக்கு யாரிடம் சொல்லியிருக்கிறீர்கள்?" என்பதுதான். மைக்கும் ஒலிபெருக்கியும் வேண்டாம் என்பதில் நான் தொடக்கத்திலிருந்தே உறுதியாக இருந்தேன். திருநெல்வேலி, தூத்துக்குடி, கன்னியாகுமரிப் பக்கத்தில் கோயில் கொடை விழாக்களில் வில்லுப்பாட்டு கேட்டு வளர்ந்தவர்களுக்குக்கூடக் குழாய் ஒலிபெருக்கி வழியாக வந்த வில்லுப்பாட்டுத்தான் பழக்கம். வீசுகோல் நாணில் விழும்போது வில்லில் கட்டிய மணிகள் முதலில் சிலிர்த்து, பிறகு அடங்கும் ஓசை அந்தக் குழாய்க்குள் கரைந்துபோகிறது. குடத்தின் வாயில் தட்டு விழும்போது தரை வழியாக வந்து தொடையில் தட்டும் அதிர்வு, பத்தடிக்குள் உட்கார்ந்தவருக்குத்தான் கிடைக்கும். அந்த நெருக்கத்துக்காகத்தான் வீடு. மைக் இல்லை என்று முடிவு செய்துவிட்டால், ஒலிபெருக்கி செய்யும் வேலையைக் கூடமே செய்தாக வேண்டும். கூடத்தை அதற்குத் தயார் செய்த விதத்தைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் தேதி. பங்குனி தொடங்கி ஆடி வரை கொடைக் காலம். நல்ல குழு எதுவும் அப்போது ஓய்வாக இருக்காது. எங்களுக்குக் கிடைத்தது ஐப்பசி. மழைக்காலத்தில் தோல் கருவி என்ன பாடுபடும் என்பது தெரிந்தே ஒப்புக்கொண்டோம். அண்ணாவியிடம் (குழுவின் தலைமைப் பாடகரை அப்படித்தான் அழைக்கிறோம்) நேரில் போய்ப் பேசினேன். தொலைபேசியில் பேசி முடிக்கும் காரியமல்ல இது. என்ன கதை, எவ்வளவு நேரம், எத்தனை பேர் வருவார்கள், எப்படி உட்காருவார்கள், எவ்வளவு பணம், எப்போது கையில் வரும் என்று எல்லாவற்றையும் அன்றே பேசி முடித்து, முன்பணமும் கொடுத்துவிட்டு வந்தேன். வண்டிச் செலவு தனி என்பதையும் அப்போதே சொல்லிவிட வேண்டும். சம்பளத்துக்குள் அதைச் சேர்த்துவிட்டால், தொலைவிலிருந்து வருகிற குழுவுக்குக் கையில் நிற்பது குறைந்துவிடும்.

கதையைப் பற்றிய பேச்சு நீண்டது. கொடையில் பாடுவது வழிபாட்டின் ஒரு பகுதி. தெய்வத்தின் பிறப்பிலிருந்து தொடங்கி இரவு முழுவதும் போகும். வரத்து, அதாவது தெய்வத்தை வரச்சொல்லி அழைக்கும் பாட்டு, பாடும்போது சாமியாடிகள் அருள் வந்து ஆடுவார்கள். அதை வீட்டுக்குள் கொண்டுவர நான் விரும்பவில்லை. அண்ணாவிக்கும் அதில் உடன்பாடில்லை. கதையை மட்டும் சுருக்கிப் பாடலாம், வரத்துப் பகுதி வேண்டாம் என்று அவரே சொன்னார். முத்துப்பட்டன் கதையைத் தேர்ந்தெடுத்ததும் அவர்தான். சாதியை உதறிவிட்டு, பொம்மக்கா, திம்மக்கா என்ற அருந்ததியர் சகோதரிகளை மணந்து, மாமனார் வீட்டுத் தொழிலை ஏற்று, ஆநிரை காக்கப்போய் உயிர்விட்ட பிராமணனின் கதை அது. இரண்டு மணி நேரத்துக்குள் அடங்கும்படி பாடுவது புதிதொன்றும் அல்ல. கலைவிழா மேடைக்கும் வானொலிக்கும் ஏற்ற சுருக்கமான வடிவம் வெகுகாலமாகவே இருக்கிறது. அந்த வழியில் வில்லிசையைப் பரவலாகக் கொண்டுசென்ற சுப்பு ஆறுமுகத்துக்கு 2021-இல் பத்மஸ்ரீ விருதும் கிடைத்தது. நாங்கள் ஐம்பது நிமிடம், கால் மணி நேர இடைவேளை, மறுபடி ஐம்பது நிமிடம் என்று வகுத்துக்கொண்டோம்.

இனி கூடம். 22 அடி நீளம், 14 அடி அகலம், 10 அடி உயரம். சிமெண்ட் பூச்சுச் சுவர், மொசைக் தரை, தட்டையான கான்கிரீட் கூரை. சாமான்களை எல்லாம் வெளியேற்றிவிட்டு நடுவில் நின்று கை தட்டினால், ஓசை சுவருக்குச் சுவர் மோதி 'ட்ரர்ர்' என்று நடுங்கிக்கொண்டே போனது. எதிரெதிரே இரண்டு வழவழப்பான சுவர்கள் இருந்தால் வருகிற படபடப்பு அது. இதில் யாராவது பாடினால் ஒரு சொல்லின் வால் அடுத்த சொல்லின் தலையில் ஏறிக்கொள்ளும். வில்லுப்பாட்டோ கதை. சொல் கேட்கவில்லை என்றால் ஒன்றுமே இல்லை.

எவ்வளவு நேரம் முழக்கம் நீள்கிறது என்பதைத் தாளில் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் வாலஸ் சபைன் என்ற இயற்பியல் ஆசிரியர் 1895-இல் ஒரு விரிவுரைக் கூடத்தில் பேச்சே புரியவில்லை என்ற புகாரைத் தீர்க்க இறங்கினார். பக்கத்து அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவில் சுமந்துவந்து ஒவ்வொன்றாகச் சேர்த்துச் சேர்த்து, ஒலி அடங்கும் நேரத்தை அளந்தார். அதிலிருந்து வந்த சூத்திரம் எளியது: அறையின் கன அளவை 0.161-ஆல் பெருக்கி, அறை உறிஞ்சும் மொத்தப் பரப்பால் வகுத்தால், ஓசை 60 டெசிபல் அடங்க ஆகும் நேரம் விநாடியில் கிடைக்கும். அளவெல்லாம் மீட்டரில்.

எங்கள் கூடத்தின் கன அளவு ஏறத்தாழ 87 கன மீட்டர். சுவர், தரை, கூரை எல்லாம் சேர்த்து 124 சதுர மீட்டர். பூச்சுச் சுவர் தன்மேல் விழும் ஓசையில் நூற்றில் மூன்று பங்கைத்தான் உறிஞ்சும் என்று வைத்தால், உறிஞ்சும் பரப்பு நாலு சதுர மீட்டர்கூட வராது. கதவு, ஜன்னல் சாத்தியிருந்தால் முழக்கம் மூன்றரை விநாடிக்கு மேல் நீளும். கோயில் மண்டபத்துக்குச் சரி, கதை சொல்ல உதவாது. நாலு சதுர மீட்டர் அளவுக்குக் கதவையும் ஜன்னலையும் திறந்தால், வெளியே போன ஓசை திரும்பாது என்பதால் 1.8 விநாடிக்கு இறங்குகிறது. பிறகு மனிதர்களைச் சேர்க்க வேண்டும். ஆடை உடுத்தி உட்கார்ந்திருக்கும் ஒருவர் ஏறக்குறைய அரை சதுர மீட்டர் திறந்த ஜன்னலுக்குச் சமம். முப்பது பேர் வந்து உட்கார்ந்தால் 0.7 விநாடிக்குள் வந்துவிடுகிறது. கதைக்கும் பாட்டுக்கும் இது அருமையான அளவு.

இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்ததால்தான் பஞ்சுப் பலகை, நுரைப் பலகை என்று எதையும் வாங்காமல் இருந்தேன். வெறும் கூடத்தில் கை தட்டிப் பயந்துபோய்ச் செலவு செய்பவர்களைப் பார்த்திருக்கிறேன். வருகிறவர்களே கூடத்தைச் சரி செய்துவிடுவார்கள். வீட்டில் கச்சேரி வைக்க நினைப்பவர்கள் இந்த ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: கூட்டத்தின் எண்ணிக்கை ஒலியின் தரத்தையும் முடிவு செய்கிறது. ஆள் குறைந்தால் துணியால் ஈடுகட்ட வேண்டும்.

செய்தது இரண்டே வேலைதான். தரை முழுவதும் ஜமுக்காளம் விரித்தேன். பாடகர்களுக்கு எதிர்ச் சுவரில், கொடிக்கயிறு கட்டி மூன்று கனத்த ஜமுக்காளங்களைத் தொங்கவிட்டேன். சுவரில் ஒட்டாமல் அரை அடி தள்ளித் தொங்க வேண்டும். மடிப்பு மடிப்பாக விழ வேண்டும். சுவரின் மேற்பரப்பில் காற்று அசைவதே இல்லை; அசைகிற காற்றைத்தான் துணியால் பிடிக்க முடியும். அதனால் தள்ளித் தொங்கும் துணிக்கு உறிஞ்சும் திறன் கூடுதல். கட்டி முடித்துக் கை தட்டியபோது அந்தப் படபடப்பு அறவே போய்விட்டிருந்தது.

அடுத்து, வில்லை எங்கே வைப்பது. 22 அடி நீளத்தின் ஒரு கோடியில் மேடைபோல வைத்து மக்களை நீளவாக்கில் உட்கார வைக்கலாம் என்றுதான் எல்லோருக்கும் தோன்றும். நாங்கள் நீளச் சுவரின் நடுவில் வைத்தோம். பத்தடிக்கு மேல் நீளும் வில் அங்கே தாராளமாக அமர்ந்தது. எதிரே நாலே வரிசை. கடைசி வரிசைக்காரரும் வில்லிலிருந்து ஒன்பது அடிக்குள்தான். திறந்த வெளியில் தூரம் இரட்டித்தால் ஓசை ஆறு டெசிபல் குறையும். அறைக்குள் அவ்வளவு குறையாது என்றாலும், சொல்லின் கூர்மை நேராக வருகிற ஓசையில்தான் இருக்கிறது. மைக் இல்லாத நிகழ்ச்சியில் முதல் அக்கறை தூரம்தான்.

குடம்தான் எங்களுக்கு அதிக வேலை வைத்தது. பார்த்திராதவர்களுக்காகச் சொல்கிறேன். வில்லின் முதுகு கீழே, நாண் மேலே. முதுகு மண்குடத்தின் மேல் அமர்ந்திருக்க, இரண்டையும் கயிற்றால் பிணைத்திருப்பார்கள். குடம் உருளாதபடி அடியில் வைக்கோல் புரிமணை. குடக்காரர் கமுகம்பாளையில் வெட்டிய தட்டால் குடத்தின் வாயில் அடிப்பார். அடிக்கும்போது உள்ளே அடைபட்ட காற்று ஒரு சுருள்வில் மாதிரி அமுங்கி விரிந்து 'தும்' என்ற தாழ்ந்த ஒலியைக் கொடுக்கும். குடத்தின் வயிறும் வாயும்தான் அந்த ஒலியின் உயரத்தை முடிவு செய்கின்றன. அன்று வந்த குடத்தின் ஒலி, கைப்பேசிச் செயலியில் 120 ஹெர்ட்ஸுக்குப் பக்கத்தில் காட்டியது.

முதலில் குழு தம் வழக்கப்படி சுவரோரமாகக் குடத்தை வைத்து அடித்துப் பார்த்தது. கூடமே முனகியது. ஒவ்வோர் அடியும் அடங்காமல் இழுத்து, உடுக்கையின் பேச்சை மூடிவிட்டது. காரணம் கூடத்தின் அகலத்தில் இருந்தது. எதிரெதிர்ச் சுவர்களுக்கு இடையே சில ஓசைகள் நின்று நிலைத்துவிடும். ஒலியின் வேகமான விநாடிக்கு 343 மீட்டரை அகலத்தின் இருமடங்கால் வகுத்தால் முதல் எண் வரும். எங்கள் 14 அடிக்கு அது 40 ஹெர்ட்ஸ். அதன் மடங்குகள் 80, 120. மூன்றாவது மடங்கு குடத்தின் ஒலியோடு அப்படியே பொருந்திப்போயிருந்தது. சுவரோரத்தில் இந்த அலையின் அழுத்தம் உச்சத்தில் இருக்கும். அங்கே குடத்தை வைப்பது அலைக்குத் தீனி போடுவதுதான்.

அதே அலைக்கு அழுத்தமே இல்லாத இடமும் உண்டு. மூன்றாவது மடங்குக்கு அது சுவரிலிருந்து அகலத்தில் ஆறில் ஒரு பங்கு தூரம். எங்கள் கூடத்தில் இரண்டே கால் அடிக்குச் சற்று மேல். குடத்தை நகர்த்திக்கொண்டே வரச் சொல்லிக் கடைசி வரிசையிலிருந்து கேட்டேன். ஏறக்குறைய இரண்டரை அடி வந்ததும் இழுவை நின்று, அடி அடியாகத் தனித்துக் கேட்கத் தொடங்கியது. குடக்காரர், "இப்போதுதான் என் கை எனக்குக் கேட்கிறது, தம்பி" என்றார். அங்கேயே சுண்ணாம்புக் கட்டியால் குறி போட்டோம். உயரத்துக்கும் இப்படி ஓர் அலை உண்டு. ஆனால் குடம் தரையில்தான் இருந்தாக வேண்டும் என்பதால் அதை விட்டுவிட்டோம்.

இதில் ஓர் ஆதாயமும் சேர்ந்தது. குடம் முன்னால் வந்ததும் அண்ணாவியின் முதுகு சுவரை ஒட்டியபடி அமைந்தது. பாடுகிறவருக்குப் பின்னால் கைக்கெட்டும் தூரத்தில் கெட்டியான சுவர் இருந்தால், அங்கே பட்டுத் திரும்பும் ஓசை சில மில்லி விநாடியில் நேர் ஓசையோடு சேர்ந்துகொள்ளும். காது இரண்டையும் ஒன்றாகவே கேட்கும். குரல் வலுத்துக் கேட்கும். அதனால் அவருக்குப் பின்னால் ஜமுக்காளமோ திரைச்சீலையோ எதுவும் போடவில்லை. அலங்காரத்துக்காகப் பின்னால் துணி கட்டுகிறவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும். குடத்துக்குச் சுவர் ஆகாது, குரலுக்குச் சுவர் வேண்டும்.

உடுக்கைக்கு வேறு கவனம். அதன் தோல் மெல்லியது. இடையில் கட்டிய கயிற்றை அமுக்கி அமுக்கித்தான் உடுக்கைக்காரர் அதைப் பேச வைக்கிறார். தோல் ஈரத்தை உறிஞ்சித் தொய்ந்துவிட்டால் எவ்வளவு அமுக்கினாலும் குரல் ஏறாது. வெளியே மழை, உள்ளே முப்பத்தைந்து பேரின் மூச்சு. உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதர் விடும் வெப்பம் ஏறத்தாழ நூறு வாட் என்பார்கள். அப்படியென்றால் கூடத்துக்குள் மூன்றரை கிலோவாட் அடுப்பு எரிகிறது. குழுவில் இரண்டு உடுக்கைகள் இருந்தன. ஒரு மரப்பெட்டிக்குள் 60 வாட் குண்டு பல்பு ஒன்றைப் பொருத்தி, வாசிக்காத உடுக்கையை அதற்குள் முக்கால் அடி தள்ளி வைத்தோம். எல்.இ.டி. விளக்கு இதற்கு உதவாது, சூடு வேண்டும். கொடையில் தீ மூட்டிக் காய்ச்சுவார்கள், வீட்டுக்குள் இந்தப் பெட்டி போதும். இடைவேளையில் உடுக்கைக்காரர் கருவியை மாற்றிக்கொண்டார். இரண்டாம் பகுதியில் உடுக்கை முதல் பகுதியைவிடத் தெளிவாகப் பேசியது.

காற்றோட்டத்துக்குக் கூரை மின்விசிறிதான் வழி. ஆனால் பாடகர் தலைக்கு மேல் விசிறி சுழன்றால் குரல் இறக்கையில் பட்டு வெட்டுப்பட்டுத் திரும்பும். வில்லுக்கு மேலிருந்த விசிறியை நிறுத்திவிட்டு, பார்வையாளர் பக்கத்து விசிறியை மெதுவாக ஓடவிட்டேன். அடுக்களையின் புகைபோக்கி விசிறி வெப்பக் காற்றை வெளியே இழுத்துக்கொண்டிருந்தது. இரையும் சோக் உள்ள பழைய குழல்விளக்கை அணைத்தேன். குளிர்பதனப் பெட்டியையும் நிறுத்தினேன். மறுபடி போட மறக்கக் கூடாது என்பதற்காக வண்டிச் சாவியை அதற்குள்ளேயே வைத்துவிட்டேன். இவையெல்லாம் சிறு ஓசைகள்தான். ஆனால் மைக் இல்லாத கூடத்தில் அண்ணாவி ஒரு வரியைத் தாழ்த்திப் பாடும்போது இவை ஒவ்வொன்றும் அவரோடு போட்டி போடும்.

அக்கம்பக்கத்து வீடுகளுக்கு நேரில் போய்ச் சொன்னேன், அழைக்கவும் செய்தேன். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு பத்து முதல் காலை ஆறு வரை ஒலிபெருக்கிக்குப் பொதுவாகத் தடை. குடியிருப்புப் பகுதிக்கு வகுத்த அளவு பகலில் 55, இரவில் 45 டெசிபல். எங்களிடம் ஒலிபெருக்கி இல்லை என்றாலும், திறந்த ஜன்னல் வழியே குடமும் மணியும் தெருவுக்குக் கேட்கும். ஆறரைக்குத் தொடங்கி ஒன்பதுக்குள் முடிப்பது என்று எல்லோரிடமும் சொல்லி, அப்படியே முடித்தோம். எதிர்வீட்டுப் பெரியவர் தம் வீட்டு நாற்காலியோடு வந்துவிட்டார்.

ஆறரை மணிக்குள் கூடம் நிறைந்துவிட்டது. காப்புப் பாடி, 'தந்தனத்தோம்' என்று அண்ணாவி எடுத்ததும் அவர் குரல் கொஞ்சம் அதிகமாகவே ஒலித்தது. திறந்தவெளியில் பாடிய பழக்கம். நாலைந்து வரியிலேயே கூடத்தின் அளவு அவருக்குப் பிடிபட்டுவிட்டது. குரலைத் தணித்தார். தணித்ததும் கதை கேட்கத் தொடங்கியது. அவர் ஒரு வரி சொல்ல, பக்கப்பாட்டுக்காரர் 'ஆமாம்' என்று வாங்கிக்கொள்ளும் அந்தப் பரிமாற்றம் இவ்வளவு நுணுக்கமானது என்பது எனக்கே அன்றுதான் தெரிந்தது. ஒரே சொல். ஒருமுறை ஒப்புதலாக, ஒருமுறை வியப்பாக, ஒருமுறை 'பிறகு என்ன ஆயிற்று?' என்ற தவிப்பாக வருகிறது. காட்டில் அந்தப் பெண்களின் பாட்டைக் கேட்டு முத்துப்பட்டன் நிற்கும் இடத்தில் அண்ணாவி வீசுகோலை நாணில் அடிக்காமல் லேசாக உரசினார். மணிகள் அசைந்தும் அசையாமலும் இருந்தன. நாலாவது வரிசையில் இருந்த ஒரு சிறுமி முழங்காலில் எழுந்து நின்று பார்த்தாள். அந்த உரசலை எந்த மைக்கும் எடுத்திருக்காது.

எதிர்பாராத ஒன்றும் நடந்தது. இடைவேளையில் பார்வையாளர்கள் குழுவைச் சூழ்ந்துகொண்டார்கள். குடத்தைத் தொட்டுப் பார்க்கலாமா என்று ஒருவர் கேட்க, குடக்காரர் தட்டையே கையில் கொடுத்து அடிக்கச் சொன்னார். கால் மணி நேரம் அரை மணி நேரமானது. சிற்றுண்டியைக் குழுவுக்கும் வந்தவர்களுக்கும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் பரிமாறினோம். இதைத் தனியாக எழுதக் காரணம் இருக்கிறது. கலைஞர்களைக் கொல்லைப்புறத்தில் உட்கார வைத்துப் பிறகு சாப்பாடு போடும் வழக்கத்தைக் கண்ணால் கண்டவன் நான். வீட்டுக்குள் அழைப்பவர், வீட்டுக்குள்தான் அழைக்க வேண்டும். இல்லையென்றால் முத்துப்பட்டன் கதையை அந்தக் கூடத்தில் பாடச் சொல்ல நமக்கு என்ன உரிமை இருக்கிறது?

பதிவு செய்வதைப் பற்றி முன்கூட்டியே கேட்டிருந்தேன். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் 1994-இல் செய்த திருத்தம் நிகழ்த்துகலைஞருக்குத் தம் நிகழ்ச்சியின்மேல் உரிமை கொடுத்திருக்கிறது. நாட்டுப்புறக் கதைக்குத் தனி ஆசிரியர் இல்லாமல் இருக்கலாம்; அன்றைய பாட்டுக்குச் சொந்தக்காரர்கள் பாடியவர்கள். வீட்டில் கேட்க ஒரு பதிவு எடுத்துக்கொள்ளலாம், இணையத்தில் போடுவதென்றால் தன்னிடம் காட்டிவிட்டுப் போட வேண்டும் என்றார் அண்ணாவி. வந்தவர்களிடம் தொடக்கத்திலேயே அதைச் சொல்லிக் கைப்பேசிகளை உள்ளே வைக்கச் சொன்னோம். முணுமுணுப்பு எழும் என்று நினைத்தேன், ஒருவர்கூட மறுக்கவில்லை.

பணம். பேசிய தொகையை நானே கொடுப்பது என்றும், வந்தவர்கள் மனமுவந்து தருவது அதற்கு மேல் முழுவதும் குழுவுக்கே என்றும் அழைப்பிலேயே எழுதியிருந்தேன். வசூலை நம்பிக் கலைஞரை அழைக்கக் கூடாது. கூட்டம் குறைந்தால் நட்டம் வீட்டுக்காரருடையதாக இருக்க வேண்டும். இடைவேளையில் உறை ஒன்று கைமாறிப் போயிற்று. முடிந்ததும் எல்லோர் முன்னிலையிலும் மொத்தத்தையும் அண்ணாவியிடம் கொடுத்தேன். அவர் அங்கேயே ஆறு பேருக்கும் பிரித்துக் கொடுத்துவிட்டார்.

அடுத்ததாகக் கணியான் கூத்துக் குழு ஒன்றிடம் பேசிக்கொண்டிருக்கிறேன். அதற்கு இந்தக் கூடம் ஆகாது. உச்சம், மந்தம் என்று இரண்டு மகுடங்கள் (வட்டமான தோல் கருவிகள்) சேர்ந்து முழங்கினால் நாலு சுவருக்குள் காது தாங்காது. ஆடுவதற்கு இடமும் வேண்டும். மகுடத்தைத் தீயில் காய்ச்சித்தான் சுருதி ஏற்ற வேண்டும் என்பதால் திறந்தவெளி அவசியம். பின்புறத் தோட்டத்தில் வீட்டுச் சுவரைப் பாடகரின் முதுகுக்கு வைத்து, மக்களை அரைவட்டமாக உட்கார வைக்கலாம் என்று கோடு போட்டிருக்கிறேன். மழை ஓய்ந்து தை பிறந்ததும் அங்கே நின்று கை தட்டிப் பார்க்க வேண்டும்.